இரண்டு கட்டைகளுக்கு நடுவே

ஜாய்ஸ்டிக் செருகுவதற்கென்று அந்தக் காலத்து சவுண்ட் கார்டுகளில் 15 கண் கொண்ட துளை ஒன்று இருக்கும். மற்ற வீட்டுப் பிள்ளைகள் அதில் ஜாய்ஸ்டிக்கை மாட்டி விமானம் ஓட்டினார்கள். என் வீட்டில் அந்தத் துளை வழியாகச் சங்கராபரணம் போனது.

அதற்கென்று ஒரு கேபிள் வேண்டும். ஒரு தலையில் 15 ஊசி. மறு தலை இரண்டாகப் பிரிந்து, ஒவ்வொன்றிலும் 5 ஊசி வைத்த வட்டச் செருகி. கும்பகோணத்தில் கிடைக்கவில்லை. சென்னை ரிச்சி தெருவில் நாலு கடை ஏறி இறங்கினேன். ஐந்தாவது கடைக்காரர், “கேம்ஸுக்கா சார்?” என்று கேட்டபடியே அட்டைப்பெட்டிக்கு அடியிலிருந்து ஒன்றை எடுத்துத் தூசு தட்டிக் கொடுத்தார். ஆமாம் என்று தலையாட்டி வாங்கிக்கொண்டேன். விளக்க ஆரம்பித்தால் பஸ் போய்விடும்.

அது 2001. 1992இல் வந்த ‘ரோஜா’ கேசட்டைத் தேய்த்துத் தேய்த்துக் கேட்ட பையன்களில் ஒருவன் நான். கீபோர்டு ஆசை அப்போதே பிடித்துவிட்டது. கைமாறி வந்த யமஹா கீபோர்டு ஒன்று. பெண்டியம் 3, 128 எம்பி நினைவகம், விண்டோஸ் 98, கன்றுக்குட்டி கனத்தில் ஒரு 15 அங்குல மானிட்டர். எல்லாம் அம்மாவின் பழைய தையல் மிஷின் மேசைமேல். பாட்டு சூடுபிடித்தால் கால் தானாகப் போய் மிதியை மிதிக்கும். கீழே சக்கரம் சும்மா சுற்றும்.

சவுண்ட் கார்டுதான் அந்த மேசையின் ராஜா. சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 1998இல் கொண்டுவந்த சவுண்ட் பிளாஸ்டர் லைவ். இசைக்கென்றே அதில் தனிச் சில்லு உண்டு என்பதால், கட்டையைத் தொட்ட மாத்திரத்தில் ஒலி எழும். வெறும் மென்பொருளை வைத்து வாசித்தவர்களுக்கு, விரல் ஒரு பக்கமும் ஒலி ஒரு பக்கமுமாகப் பிந்தி வரும். அந்தக் கொடுமையிலிருந்து தப்பித்தேன்.

கேபிளுக்குள் போவது ஒலி அல்ல என்று புரியவே எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. மிடி என்ற அந்த ஏற்பாடு 1983இல் வந்தது. வெவ்வேறு கம்பெனிக் கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஒரு பொதுமொழி. எந்தக் கட்டை, எவ்வளவு அழுத்தம், எப்போது விட்டது: அவ்வளவுதான் சேதி. நொடிக்கு 31,250 பிட் வேகம். ஒரு சுரத்துக்கான சேதி போய்ச் சேர ஏறக்குறைய ஒரு மில்லிநொடி. சிடி தரத்தில் ஒரு நிமிட ஒலி ஏறத்தாழ 10 எம்பியைத் தின்னும். அதே பாட்டின் மிடி கோப்போ, ஒரு ஃபிளாப்பிக்குள் இருபது முப்பது குடியிருக்கும் அளவுக்குச் சிறியது. அது சோறு அல்ல, விதைநெல். விளைகிற நிலத்தைப் பொறுத்துத்தான் ருசி. இந்தப் பாடம் எனக்கு உறைக்க இருபது வருடம் பிடித்தது.

நிலத்துக்கும் ஒரு பொதுப்பட்டியல் இருந்தது. 1991இல் வகுத்த ‘ஜெனரல் மிடி’யில் 128 ஒலிகள். 105ஆவது இடத்தில் சிதார், 112இல் ஷெனாய். வீணை இல்லை, நாகஸ்வரம் இல்லை. தாள வரிசையில் 47 ஒலிகள். போங்கோ உண்டு, காங்கா உண்டு, தவிலும் மிருதங்கமும் கிடையாது.

இல்லாததைச் சேர்த்துக்கொள்ள அந்தக் கார்டு ஒரு வழியும் வைத்திருந்தது. நாமே பதிந்த ஒலிகளைச் ‘சவுண்ட் ஃபாண்ட்’ என்ற மூட்டையாகக் கட்டிக் கட்டைக்கு ஒன்றாக உட்காரவைக்கலாம். எதிர்வீட்டில் நாகஸ்வரம் வாசிக்கும் பெரியவர் ஒருவர் இருந்தார். அவருடைய செட்டில் தவில் வாசித்த அண்ணன், பொறுமையாக வந்து உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாகத் தட்டிக்கொடுத்தார். இரவு பதினொன்றுக்கு மேல், மின்விசிறியை நிறுத்தி, சிபியுவின் இரைச்சலை மறைக்கப் போர்வை தொங்கவிட்டுப் பதிந்தோம். வலந்தலையில் ஒரு சொல் முழுதாக ஓய்வதற்குள் தெருவில் ஒரு ஆட்டோ போய்விடும். மறுபடி தட்டுவார். ஓர் அடிக்கு ஏழெட்டு முறை.

தவில் வந்ததும் தாளத்தின் முறை. என் மென்பொருள் ஓர் எண்ணிக்கையை 480 துண்டாக நறுக்கும். திஸ்ரத்துக்கு 160, சதுஸ்ரத்துக்கு 120, கண்டத்துக்கு 96: கணக்கு வெண்ணெய் வெட்டியதுபோல வரும். மிஸ்ரத்துக்கு 7ஆல் வகுத்தால் 4 மீதி. சங்கீர்ணத்துக்கு 9ஆல் வகுத்தால் 3 மீதி. அந்த மீதி காதுக்குத் தெரியாது. ஆனால் சுரங்களைக் கட்டத்துக்குள் இழுத்து நிறுத்தும் பட்டியலில் ஏழு என்ற எண்ணே இல்லை. ஆசையாக வாசித்த மிஸ்ர நடையை அந்த வசதியிடம் ஒப்படைத்தேன். அது ஏழையும் எட்டுக்கான கட்டத்தில் பிடித்துத் தள்ளி, நொண்டி நடையாக்கித் திருப்பித் தந்தது. அதன்பின் தவிலுக்கு அந்தப் பட்டியலைத் திறக்கவில்லை. கைப்பிசகோடு இருந்தாலும் பரவாயில்லை, நடை நடையாக இருக்கட்டும்.

உண்மையான பரீட்சை ராகத்தில்தான் வந்தது. சங்கராபரணத்தின் சுரங்கள் வெள்ளைக் கட்டைகளில் வரிசையாகக் கிடைக்கும், ஏமாந்து போகலாம். எனக்குத் தோடி வேண்டியிருந்தது. காவிரிக் கரையில் வளர்ந்தவனுக்கு நாகஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி கேசட் இல்லாத வீடு ஏது? சுரங்களைச் சரியாகப் பொறுக்கி ஷெனாய் ஒலியில் வாசித்துப் பதிந்தேன். பெரியவரைக் கூட்டிவந்து போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார்.

“தம்பி, சொரம் எல்லாம் சரியாத்தான் இருக்கு. தோடியத்தான் காணோம்.”

கீபோர்டின் இடது ஓரத்தில் ஒரு சக்கரம் உண்டு. சுருதியை மேலும் கீழும் வளைக்க. அந்த வளைவைத் திரையில் மௌஸால் கோடாகவும் வரையலாம். காந்தாரத்துக்கு அழகாக, சமமான அலைகள் வரைந்தேன். ஆம்புலன்ஸ் போனது.

பிறகுதான் கேசட்டைக் கம்ப்யூட்டருக்குள் இறக்கினேன். கூல் எடிட் என்ற மென்பொருள். இலவசமாக வந்த வடிவம் ஒருமுறை திறந்தால் இரண்டு பிரிவு வேலைகளை மட்டுமே அனுமதிக்கும். சுருதி மாறாமல் ஒலியை நீட்டும் பிரிவைத் தேர்ந்து, நான்கு மடங்கு நீட்டிக் கேட்டேன். அன்று இரவு தூக்கம் போயிற்று. காந்தாரம் என்று நான் நினைத்த இடத்தில் காந்தாரம் நிற்கவே இல்லை. ரிஷபத்தின் பக்கத்திலிருந்து கிளம்பி, விறுவிறுவென்று ஏறி, மத்யமத்தைத் தொட்டு, அங்கே ஒரு கணம் தயங்கி, வேறொரு வேகத்தில் இறங்கியது. அடுத்த முறை வேறு தயக்கம். ஏற்றமும் இறக்கமும் ஒருநாளும் ஒன்றாயிருக்கவில்லை. இரண்டு கட்டைகளுக்கு நடுவே இருந்த வெற்றிடத்தில்தான் ராகம் முழுவதும் குடியிருந்தது. பிறந்ததிலிருந்து கேட்ட தோடியை அன்றுதான் கேட்டேன்.

சக்கரத்தின் எல்லை வழக்கமாக மேலே இரண்டு அரைச்சுரம், கீழே இரண்டு. காந்தாரத்துக்கு அது போதும்; பஞ்சமத்திலிருந்து மேல் சட்ஜத்துக்கு ஒரு ஜாரு போடப் போதாது. எல்லையை 12 ஆக்கினேன். மூன்று மாதம், ஒரு நிமிட ஆலாபனை. நடுவில் மின்வெட்டு இரண்டு முறை விழுங்கியது, திரும்ப வரைந்தேன். பெரியவர் மறுபடி கேட்டார். “வாசல் வரைக்கும் வந்திருக்கு, தம்பி” என்றார். அதைவிடப் பெரிய பட்டம் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

அந்தக் கம்ப்யூட்டர் என்றோ பழைய இரும்புக்குப் போயிற்று. பெரியவரும் இல்லை. போன மாதம் பரணில் கிடைத்த சிடியில் அந்தக் கோப்பு இருந்தது: 38 கேபி. லேப்டாப்பில் போட்டேன். குரல் மாறியிருந்தது, அது எதிர்பார்த்ததுதான். ஆனால் கமகம் எங்கே? சுரங்கள் லேசாக நடுங்கிவிட்டு அப்படியே நின்றன. சொரம் எல்லாம் சரி, தோடியக் காணோம்.

காரணம் பிடிபட ஒரு மணி நேரமாயிற்று. 12 என்ற எல்லையை அன்று கார்டுக்குச் சொன்னேனே தவிர, கோப்பில் எழுதிவைக்கவில்லை. புது மென்பொருள் வழக்கப்படி 2 என்று எடுத்துக்கொள்ள, என் வளைவுகள் ஆறில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டன. கோப்பின் தலையில் 101, 100, 6 என்று மூன்று கட்டளைகளைச் சேர்த்து, கடைசியில் 12 என்று எழுதினேன். மறுபடி ஓட்டினேன்.

ரிஷபத்தின் பக்கத்திலிருந்து அது கிளம்பியது, மத்யமத்தைத் தொட்டது, தயங்கியது. வாசல் வரைக்கும் வந்து நின்றது.