கீல் நாறும் புத்தகம்

‘மறுபிறப்பு’ என்கிற சொல்லை நாம் சும்மா தாண்டிப் போய்விட முடியாது. பிறப்பை வைத்துத்தான் நம்மை ஊருக்கு வெளியே நிறுத்தினார்கள். பிறப்பை வைத்துத்தான் பூணூல் போட்டவன் தன்னை இருபிறப்பாளன் என்று சொல்லிக்கொண்டான். அவனுக்கு ரெண்டு பிறப்பு; நமக்கு ஒண்ணே ஒண்ணு, அதுவும் தீட்டு. அந்த இரண்டாம் பிறப்பைக் கொடுக்கிற உரிமை சடங்கு செய்கிறவன் கையில் இருந்தது. வாங்கிக்கொள்ளும் தகுதியை முதல் பிறப்பே தீர்மானித்தது. ஆகவே ‘மனிதன் உள்ளுக்குள் புதிதாகப் பிறக்கவேண்டும்’ என்று எந்தத் தேசத்து ஞானி சொன்னாலும் நாம் கேட்கவேண்டியவை இரண்டு: அந்தப் பிறப்பைக் கொடுப்பவன் யார்? அது யார் வீட்டு வாசல் வரைக்கும் வரும்?

இந்தக் கேள்விகளோடு ஜெர்மனியின் யாக்கோப் போமேயை (1575–1624) வாசித்துப் பார்க்கலாம். ஹெகல் தன் விரிவுரைகளில் இவரை முதல் ஜெர்மானியத் தத்துவவாதி என்று கொண்டாடினார். கிறிஸ்தவ மெய்ஞ்ஞானிகள் வரிசையிலும் பெரிய இடம் உண்டு. ஆனால் நமக்கு முக்கியம் வேறொன்று. அவர் செருப்புத் தைத்தவர்.

கொர்லிட்ஸ் நகரத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். தொழில் பழகி 1599ல் சொந்தமாகச் செருப்புக்கடை வாங்கினார். கசாப்புக்காரர் ஒருவரின் மகளைக் கல்யாணம் செய்தார். பல்கலைக்கழகப் படி ஏறாதவர். 1600ல் ஒருநாள், வெள்ளீயப் பாத்திரம் ஒன்றில் பட்டுத் தெறித்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எல்லாப் பொருளின் உள்ளும் தமக்குத் திறந்துகொண்டதாக உணர்ந்தார் என்று அவர் நண்பர் பிராங்கன்பெர்க் எழுதிய வரலாறு சொல்கிறது. பன்னிரண்டு வருஷம் அதை அடைகாத்து 1612ல் ‘அருணோதயம்’ எழுதினார். அச்சுக்குப் போகவில்லை. கையெழுத்துப் பிரதியாகவே கை மாறியது. 1613ல் விஷயம் நகரத்தின் தலைமைப் போதகர் கிரிகோர் ரிக்டருக்கு எட்டியது. அவர் பிரசங்க பீடத்தில் நின்றே ஏசினார். நகரசபை போமேயைப் பிடித்துக் கொஞ்ச நேரம் அடைத்து வைத்தது, பிரதியைப் பறித்தது, இனி எழுதாதே என்று சொல்லி அனுப்பியது. சில வருஷம் வாயை மூடிக் கிடந்தார். அப்புறம் முடியவில்லை. சாகும்வரை எழுதித் தள்ளினார்.

அவற்றில் 1622ல் எழுதிய ‘புதிய மறுபிறப்பைப் பற்றி’ என்ற சிறு நூலும் ஒன்று. 1624 தொடக்கத்தில் அவருடைய சில சிறு நூல்கள் ‘கிறிஸ்துவினிடம் போகும் வழி’ என்ற பெயரில் அச்சாகி வந்தபோது ரிக்டருக்கு மறுபடி ஆத்திரம் வந்தது. லத்தீனில் வசை பாடினார். இந்தச் சக்கிலியன் புத்தகத்தில் வரிக்கு வரி தெய்வ நிந்தனை, செருப்புக்குப் பூசுகிற கீலும் கறுப்புச் சாயமும்தான் இதில் நாறுகின்றன என்பது அந்த வசையின் சாரம்.

இங்கே நின்று கவனியுங்கள். மறுபிறப்பைப் பற்றிய ஒரு வாதத்துக்கு மறுமொழி, தோல் நாற்றம்! கருத்தை மூளையால் எதிர்கொள்ள முடியாதவன் மூக்கால் எதிர்கொள்கிறான். இது நமக்குப் புதுசா? ‘சேரி பாஷை’ என்றும் ‘கொச்சை’ என்றும் நம் எழுத்தைப் பார்த்து முகஞ்சுளித்த தமிழ்ப் புலவர்களுக்கும் லத்தீன் புலவர் ரிக்டருக்கும் மூக்கு ஒன்றுதான். பழந்தமிழில் ‘நாறுதல்’ என்றால் மணத்தல். உழைப்பவன் உடம்பின் மணம் எப்போது நாற்றமாச்சு என்பதைச் சொல்லாராய்ச்சி மட்டும் சொல்லிவிடாது. சாதி வரலாறுதான் சொல்லும்.

சரி, அந்தச் சிறு நூல் என்னதான் சொல்கிறது?

யோவான் சுவிசேஷத்தில் நிக்கொதேமு என்ற படித்த பெரிய மனிதர் ராத்திரியில் இயேசுவிடம் வருகிறார். மறுபடியும் பிறக்கவேண்டும் என்று இயேசு சொன்னதும், கிழவன் எப்படித் தாய் வயிற்றுக்குள் திரும்பப் போகமுடியும் என்று கேட்கிறார். போமே அந்த இடத்திலிருந்து வளர்த்துக்கொண்டு போகிறார். மனிதனுக்குள் இருட்டும் உண்டு, ஒளியும் உண்டு. வெளி உலகத்தின் சதையும் உண்டு. ஆதாம் ஒளியை இழந்தான். இழந்த ஒளி ஆன்மாவின் அடியாழத்தில் திரும்பப் பிறக்கவேண்டும். கிறிஸ்து எங்கேயோ எப்போதோ பிறந்து செத்தார் என்று தெரிந்துவைத்திருப்பது வெறும் சரித்திர விசுவாசம். அதனால் ஆவதொன்றும் இல்லை. என் உள்ளே அவர் பிறக்கவேண்டும், என் சுயம் சாகவேண்டும்.

இதில் கூர்மையான ஆயுதம், அவர் போர்வையைப் பற்றிச் சொல்வது. அவர் காலத்து லுத்தரன் போதகர்கள், கிறிஸ்துவின் புண்ணியம் விசுவாசிக்குக் கணக்கு வைக்கப்படுகிறது என்று போதித்தார்கள். போமே திருப்பிக் கேட்கிறார்: கிறிஸ்துவின் சிவப்பு அங்கியை மேலே போர்த்திக்கொண்டு உள்ளே பழைய மிருகமாகவே இருந்தால் அது என்ன இரட்சிப்பு? மிருகத்துக்கு அங்கி போட்டால் மிருகம் மனுசனாயிருமா?

போர்வை என்ற இந்த விமர்சனம் நம் ஊர்க் கிறிஸ்தவத்துக்கு அப்படியே பொருந்தும். ஞானஸ்நானத் தண்ணீர் நெற்றியில் காயும் முன்னே சாதியைக் கேட்டுப் பெஞ்சு ஒதுக்கியவர்கள் உண்டு. செத்த பிறகும் எலும்பு எலும்போடு சேரக்கூடாது என்று கல்லறைத் தோட்டத்தில் சுவர் வைத்தவர்கள் உண்டு. அங்கி கிறிஸ்துவுடையது, உள்ளே உடம்பு சாதியுடையது. ‘நாங்கள் மறுபடியும் பிறந்தவர்கள்’ என்று மேடையில் சாட்சி சொல்கிறவர் மகளுக்கு மாப்பிள்ளை தேடும்போது முதல் பிறப்பின் பத்திரத்தைத்தான் எடுத்து நீட்டுகிறார். போமேயின் கணக்கில் இவர்கள் இன்னும் பிறக்கவே இல்லை.

கோயிலைப் பற்றியும் அவர் பேச்சு கலகப் பேச்சுத்தான். கல்லால் கட்டிய கோயிலுக்குப் போனதனாலேயே எவனும் பரிசுத்தன் ஆவதில்லை. உள்ளே கோயிலைச் சுமந்துகொண்டு போகிறவனுக்குத்தான் அங்கே ஏதாவது கேட்கும். அவனுக்குக் காடும் கோயில், பறவையும் போதகர் என்கிறார். நுழைய விடாத கதவு முன்னால் பரம்பரை பரம்பரையாக நின்றவர்களுக்கு இதன் அர்த்தம் உடனே பிடிபடும். முதல் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. இந்தப் பிறப்பை எவனும் கொடுக்க முடியாது. ஆகவே எவனும் மறுக்கவும் முடியாது.

இதோடு முடித்துக்கொண்டால் வழக்கமான ‘மெய்ஞ்ஞானி புகழ்’ கட்டுரை ஆகிவிடும். இரண்டாவது கேள்வி பாக்கி இருக்கிறது.

போமே நம் அர்த்தத்தில் சக்கிலியர் இல்லை. தோலைத் தொட்டதனால் மட்டும் அவரை நம்மாளாக ஆக்கிக்கொள்ளும் அவசரம் வேண்டாம். அந்தக் கால ஜெர்மனியில் செருப்புத் தைப்பது கௌரவமான தொழில், அதற்குத் தொழிற்சங்கம் உண்டு. ‘கௌரவமற்றவர்’ என்று தள்ளப்பட்டவர்கள் வேறு ஆட்கள்: செத்த மாட்டை இழுத்துப்போய்த் தோலுரித்தவர்கள், தூக்கு நிறைவேற்றியவர்கள். அவர்கள் பிள்ளைகளுக்குச் சங்கத்தில் இடம் கிடையாது. அவர்களோடு சேர்ந்து குடித்தாலே கைத்தொழில்காரனின் கௌரவம் போய்விடும். கோயிலிலும் பல ஊர்களில் அவர்களுக்குத் தனி இடம்தான். 1731ல் பேரரசு போட்ட தொழிற்சங்கச் சட்டம் மற்ற பல ‘கௌரவமற்ற’ தொழில்காரர்களின் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னபோதும் தோலுரிப்பவரை மட்டும் விலக்கியே வைத்தது. ஆக, செருப்புத் தைத்தவர் ஊருக்குள். அந்தத் தோலை உரித்துக் கொடுத்தவர் வெளியே. ஐரோப்பாவிலும் தீட்டுக்கு ஒரு ஏணி இருந்தது. மறுபிறப்பைப் பற்றிய போமேயின் நூல் இந்த ஏணியைத் தொடவில்லை.

அவர் பணக்காரருக்கு வக்காலத்து வாங்கியவர் என்று இதற்கு அர்த்தமில்லை. ஏழையின் வேர்வையைப் பிழிந்து குடிக்கிற பிரபுக்களை வேறு நூல்களில் கடுமையாகவே சாடுகிறார். ஆனால் பரிகாரம் என்று வரும்போது மறுபடியும் உள்ளே போய்விடுகிறார். ‘வழி’ தொகுப்பில் ஓர் உவமை வருகிறது. பூமியில் பலவகைப் பூக்கள் பக்கத்தில் பக்கத்தில் வளர்கின்றன, நிறத்துக்காகவோ வாசனைக்காகவோ ஒன்றோடொன்று சண்டை போடுவதில்லை. வெயிலும் மழையும் செய்வதை ஏற்றுக்கொண்டு ஒவ்வொன்றும் தன் குணப்படி வளர்கிறது. தேவனுடைய பிள்ளைகளும் அப்படித்தான் என்கிறார். மதச்சண்டையில் கிழிந்துகிடந்த தேசத்தில், 1618ல் தொடங்கிய முப்பதாண்டுப் போரின் நடுவே, இது பெரிய வார்த்தை. ஒத்துக்கொள்கிறேன்.

ஆனா இதே பாட்டை நாமும் கேட்டிருக்கிறோமே! அவரவர் குணப்படி, அவரவர் கர்மப்படி, அவரவர் இடத்தில் சண்டையில்லாமல் வளருங்கள் என்றுதானே வருணதருமமும் பாடியது? தோட்டத்தில் நட்ட பூவையும் குப்பைமேட்டில் வீசின விதையையும் ஒன்றாக வைத்து ‘சண்டை போடாதே’ என்றால் அது யாருக்குச் சமாதானம்? போமே சொன்னது கொள்கைச் சண்டையைப் பற்றி, வருணத்தார் சொன்னது வேலைப் பிரிவினையைப் பற்றி. வித்தியாசம் பெரிது. இருந்தாலும் அந்த உவமையை எடுத்து நம் வாயை அடைக்க வருபவர்கள் உண்டு என்பதால் இதைச் சொல்லிவைக்கிறேன்.

உள்ளே பிறக்கும் பிறப்பு வெளியே கலகமாக வெடித்ததும் அதே ஜெர்மனியில்தான். போமே பிறப்பதற்கு ஐம்பது வருஷம் முன்பு தாமஸ் முன்சர். அவரும் மெய்ஞ்ஞானி நூல்களில் ஊறியவர். விசுவாசம் ஏட்டிலிருந்து வராது, துன்பத்தின் வழியே மனிதனின் அடியாழத்தில் பிறக்கவேண்டும் என்றவர். ஆனால் அவர் ஒரு படி மேலே போய் யோசித்தார். வயிற்றுப்பாட்டுக்கே நாள் முழுக்க அலைய வைத்தால் ஏழை எப்போது வாசிப்பான், எப்போது விசுவாசத்துக்கு வருவான் என்று 1524ல் எழுதினார். உள்ளே பிறப்பு நடக்க வெளியே நுகத்தடி விலகவேண்டும்! 1525 மே 15ல் பிராங்கன்ஹௌசனில் விவசாயிகள் ஆயிரக்கணக்கில் வெட்டப்பட்டார்கள். மே 27ல் முன்சரின் தலை போனது.

நம் மார்க்சியத் தோழர்கள் முன்சரை எங்கெல்ஸ் 1850ல் எழுதிய விவசாயப் போர் நூல் வழியாக அறிவார்கள். அதில் முன்சரின் இறையியல் பெரும்பாலும் வர்க்கப் போருக்கு மேலாடை. இங்கே நான் மாறுபடுகிறேன். ஆன்மாவைப் பற்றிய பேச்சை வெறும் மேலாடை என்று கழற்றி எறிந்தால் நம் அனுபவத்தில் பாதி போய்விடும். கூலி குறைவு வெளியே இருக்கிறது, சரி. இழிவு எங்கே இருக்கிறது? எஜமான் தெருவில் கால் தானாக ஒதுங்குகிறதே, செருப்பு தானாகக் கைக்கு வருகிறதே, அந்தக் குனிவு எலும்புக்குள் இருக்கிறது. சட்டத்தால் மட்டும் அதை எடுக்க முடியாது. அது உள்ளே சாகவேண்டும். வேறொன்று உள்ளே பிறக்கவேண்டும். இந்த இடத்தில் போமே சொல்வது மெய். ஆனால் அவர் சாகச் சொன்ன சுயம், ‘நான்’ என்று நிமிர்ந்து நிற்பவனின் சுயம். ‘நான்’ என்று சொல்லவே விடாதவனிடம் போய் உன் சுயத்தைக் கொல் என்றால், கொல்ல அவனிடம் என்ன இருக்கிறது? அவனுக்கு மறுபிறப்பு என்பது அந்த ‘நான்’ முதன்முதலாகப் பிறப்பதுதான்.

அம்பேத்கர் இதை அறிந்திருந்தார். 1956 அக்டோபர் 14ல் நாகபுரியில் லட்சக்கணக்கானவர்களோடு பௌத்தம் தழுவியபோது சொல்லவைத்த 22 உறுதிமொழிகளில், தான் இப்போது புதிதாகப் பிறக்கிறேன் என்பதும் ஒன்று. கொர்லிட்ஸில் ஒருவருக்குப் பாத்திர ஒளியில் நடந்தது, இங்கே மைதானத்தில் கூட்டமாக நடந்தது. உள்ளேயும் நடந்தது, வெளியேயும் நடந்தது. போமே தனியாகப் பிறந்தார். இவர்கள் சேர்ந்து பிறந்தார்கள். அதனால்தான் அந்தப் பிறப்பைப் பார்த்து இருபிறப்பாளனுக்குப் பயம் வந்தது.

போமே 1624 நவம்பர் 17ல் செத்தார். ரிக்டர் அதற்குச் சில மாதம் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். ஆனாலும் அவருக்குப் பின் வந்தவர் அடக்க ஆராதனை நடத்த மறுத்தார். நகரசபை தலையிட்டுத்தான் உடல் மண்ணுக்குப் போனது. நண்பர்கள் நட்ட சிலுவையையும் ஊரார் அசிங்கப்படுத்தினார்கள். உள்ளே எத்தனை தடவை பிறந்திருந்தாலும், பிணத்துக்கு ஆறடி மண் கேட்டு நகரசபைக்குத்தான் போகவேண்டியிருந்தது. சுடுகாட்டுப் பாதைக்காக இன்றும் மனு எழுதிக்கொண்டிருக்கிற நம் ஊர்களில் இதை யாருக்கும் விளக்கத் தேவையில்லை.