ஓரத்துப் பின்களை எதுவரை நம்பலாம்?

2009 ஏப்ரல் 20 அன்று பி.எஸ்.எல்.வி. சி-12இல் விண்ணுக்குப் போன 40 கிலோ அனுசாட், குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் உருவானது. அப்படியொரு செயற்கைக்கோளைத் தாம்பரத்து மொட்டை மாடியிலிருந்து பின்தொடர ஆன்டெனாவைத் திருப்ப வேண்டும். அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதும் தெரிய வேண்டும். ரோட்டருக்குள் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டர் அந்தக் கோணத்தை மின்னழுத்தமாகச் சொல்லும். அதைப் படிப்பது யார்?

மென்பொருள் வானொலிப் போர்டே படிக்கலாம். யு.எஸ்.ஆர்.பி.-1 என்ற அத்தகைய போர்டில் உள்ள ஏ.டி.9862 சிப் ரேடியோ சிக்னலை நொடிக்கு 6.4 கோடி முறை அளக்கிறது. அதே சிப்பின் ஓரத்தில், 3.3 வோல்ட் வரை படிக்கும் 10 பிட் துணை உள்ளீடுகளும் உண்டு. 360 பாகையை 1,024 படிகளாக்கினால் படிக்கு 0.35 பாகை. யாகி ஆன்டெனாவின் கற்றை பல பாகை அகலம். ஆகவே இது தாராளம். 500 கிலோமீட்டர் உயரத்தில் செல்லும் செயற்கைக்கோள் உச்சியில் கடக்கும்போதும் வானில் நொடிக்கு ஒரு பாகைக்குள்தான் நகர்கிறது. கூடுதல் போர்டோ யு.எஸ்.பி. கேபிளோ தேவையில்லை. இந்தச் சிக்கனம் எனக்குப் பிடித்தது.

ஆனால் இந்த அளவீடு ரேடியோ மாதிரிகளோடு சேர்ந்து வருவதில்லை. மென்பொருள் கேட்கும்போது தனி வழியில் வருகிறது. நேர முத்திரை கிடையாது. கோணத்துக்கு அதனால் பாதகமில்லை. மில்லி விநாடிகளில் ஏறி இறங்கும் சிக்னல் வலிமையை இதைக்கொண்டு பொருத்திப் பார்த்தால் கணக்கு தவறும்.

பெரிய குறை, கம்பி. வீட்டு வயரிங்கும் கடற்கரை–தாம்பரம் ரயில் பாதையின் 25,000 வோல்ட் மேல்நிலைக் கம்பியும் 50 ஹெர்ட்ஸ்தான். மாடியிலிருந்து இறங்கும் நீளக் கம்பி அந்த இரைச்சலை அள்ளி வரும். 20 மில்லி விநாடிச் சுற்றுகளுக்குச் சராசரி எடுத்தால் அது பெருமளவு அடங்கும். ஐப்பசி இடியை எந்தச் சராசரியும் அடக்காது. அருகில் விழும் மின்னல் அந்தக் கம்பியில் தூண்டும் மின்னழுத்தம் நேரே சிப்புக்குள் இறங்கும். ஆன்டெனா கேபிளுக்கு அரெஸ்டர் போட்டவர்கள்கூட இந்த மெல்லிய கம்பியை விட்டுவிடுவதுண்டு. வேறு போர்டுகளில் உள்ள ஏ.டி.9361 சிப்பின் துணை உள்ளீடு 12 பிட். ஆனால் அது படிப்பது 1.3 வோல்ட்டுக்கும் குறைவாகத்தான். அங்கே ஆபத்து இன்னும் கூடுதல்.

போர்டு இருக்கும் பெட்டிக்குள்ளேயே வெப்பத்தையும் மின்சப்ளையையும் அளக்க இந்த உள்ளீடுகளைத் தயங்காமல் பயன்படுத்தலாம். மாடியிலிருந்து வரும் கம்பிக்கு இவை உகந்தவை அல்ல. ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்கு வாங்கும் மைக்ரோகன்ட்ரோலர் போர்டு, மாடியிலேயே அளந்து வைஃபையில் எண்ணாக அனுப்பட்டும். ஏற்கெனவே கம்பி இழுத்திருப்பவர்கள் அடுத்த மழைக்கு முன் அதைக் கழற்றிவிடுங்கள்.