மிச்சக் காசும் நமது எழுத்தும்

பாடசாலைகளில் கட்டுரைப் பயிற்சிக்கென நாம் கொடுத்துவரும் தலைப்புகளுள் ‘கொழும்புக்கு ஒரு பிரயாணம்’ என்பது மிகப் பழையது. என் ஆசிரியர் எனக்குக் கொடுத்தார். நான் என் மாணவர்க்குக் கொடுக்கிறேன். வரும் விடைகளிற் பெரும்பாலானவை ஒரே வார்ப்பில் அமைந்திருக்கும். மட்டக்களப்பில் இரவுப் புகையிரதம் புறப்படும். வாழைச்சேனையும் பொலன்னறுவையும் பின்செல்லும். விடியும்போது கோட்டை நிலையம் வந்துவிடும். அடுத்த வாக்கியத்தில் மாணவன் காலிமுகத் திடலில் நின்று கடலலைகளை வருணித்துக்கொண்டிருப்பான். நிலையத்திலிருந்து வெளியே வந்தவன் எந்த வண்டியில் ஏறினான், எவ்வளவு கொடுத்தான், எவ்வளவு திரும்பப் பெற்றான் என்பன அக்கட்டுரைகளில் இடம்பெறுவதில்லை.

சென்ற தவணையிலே படுவான்கரையிலிருந்து வரும் மாணவன் ஒருவன் இவ்வார்ப்பை உடைத்துவிட்டான். அவனும் தாயும் மருத்துவரைக் காண்பதற்காகத் தலைநகர் சென்றிருக்கிறார்கள். பஸ் வண்டியில் ஏறியதும் தாய் ஐந்நூறு ரூபாத் தாளொன்றைக் கொடுத்தாள். நடத்துநர் ஏதோ சொல்லிக் கையசைத்துவிட்டு முன்னே போனார். சொன்னது அவளுக்கு விளங்கவில்லை. ‘பிறகு தருகிறேன்’ என்பதாகக் கையசைவிலிருந்து விளங்கிக்கொண்டாள். இறங்கவேண்டிய தரிப்பிடம் வந்தது. நெரிசலிடையே இறங்கினார்கள்; வண்டி போய்விட்டது. மிச்சக் காசும் வண்டியோடு போயிற்று. கையிலே சீட்டும் இல்லை. அன்று மத்தியானம் மகனுக்கு மட்டும் ஒரு சோற்றுப் பார்சல் வாங்கிக் கொடுத்துவிட்டு, ‘எனக்குப் பசிக்கல்ல மனே’ என்று சொல்லித் தாய் தண்ணீர் குடித்தாளாம். காலிமுகத் திடலைப் பற்றி அவன் ஒரு சொல்லும் எழுதவில்லை.

‘தலைப்புக்குப் புறம்பானது’ என்று அப்பந்தியின் ஓரத்தில் நான் சிவப்பு மையால் எழுதினேன். இருபதுக்கு எட்டுப் புள்ளி போட்டேன். ஒரு கிழமை கழித்து அதே கட்டை மறுபடியும் புரட்டியபோதுதான் என் செயல் எனக்கு உறைத்தது. முப்பத்தெட்டுக் கட்டுரைகளுள் மெய்யாகவே ஒரு பிரயாணத்தைக் கூறியது அது ஒன்றே. அதனை ‘புறம்பானது’ என்று தள்ளும் பழக்கம் எனக்கு எங்கிருந்து வந்தது? பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்ற ஆண்டுகளிலும், அதன்பின் இடைவிடாது கதைகளை வாசித்துவரும் ஆண்டுகளிலும் நான் பெற்ற ரசனைதான் என் கையில் அந்தச் சிவப்பு மையைத் தந்தது. ஆகவே இக்கட்டுரை முதலில் ஒரு சுயவிமர்சனம்.

1

நமது சிறுகதைகளிலே கதாநாயகர்கள் ஓயாது பிரயாணம் செய்கிறார்கள். வேலை தேடிப் போகிறார்கள். கலவரத்துக்கு அஞ்சித் திரும்புகிறார்கள். வெளிநாடு செல்லக் கடவுச்சீட்டுக்காக அலைகிறார்கள். புகையிரதம் கூவுகிறது, சன்னலோரத்தில் நினைவுகள் விரிகின்றன. ஆனால் கட்டணம் கொடுக்கப்படும் கணம் மட்டும் இரண்டு பந்திகளுக்கிடையே உள்ள வெற்றிடத்தில் விழுந்து மறைந்துவிடுகிறது. ஈழத்து எழுத்துலகில் 1950 களிலும் 1960 களிலும் மண்வாசனை பற்றியும் தேசிய இலக்கியம் பற்றியும் காரசாரமான விவாதங்கள் நடந்தன. அவற்றின் பயனாக வாவியும் வயலும் பேச்சு வழக்கும் கதைகளுக்குள் வந்தன. உழைப்பாளியின் மடியிலிருக்கும் சில்லறை அந்த அளவுக்கு வரவில்லை என்பது என் குற்றச்சாட்டு.

இது எழுத முடியாத பொருளா? அன்று. 1943 இல் வெளிவந்த புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையின் தொடக்கத்தை நினைவுகூர்வோம். சென்னை பிராட்வேயும் எஸ்பிளனேடும் சந்திக்கும் மூலையிலே கந்தசாமிப் பிள்ளை ஆழ்ந்த சிந்தனையில் நிற்கிறார். அவர் சிந்திப்பது தத்துவமன்று. டிராமில் போனால் ஒன்றே காலணா, மிஞ்சுவதில் வெற்றிலை பாக்குப் போடலாம். பஸ்ஸிலே நடத்துநரின் கண்ணைத் தப்பிச் சிறிது தூரம் கடந்தபின் சீட்டு வாங்கினால் அரைக் கோப்பை காப்பி குடிக்கலாம், ஆனால் வெற்றிலைக்கு வழியில்லை. இந்தக் கணக்கு நடந்துகொண்டிருக்கும்போதுதான் கடவுள் எதிர்ப்படுகிறார்.

இதனை வெறும் நகைச்சுவை என்று கடந்துவிடுவோர் பலர். நான் அவ்வாறு கருதவில்லை. மாநகரம் ஒரு மனிதனின் மூளைக்குள் எவ்வாறு குடிபுகுகிறது என்பதை ஆசிரியர் அந்தக் காலணாவில் காட்டிவிடுகிறார். கடவுளைச் சந்திக்கும் கணத்திலும் அம்மனிதருடைய சிந்தையை நிறைத்திருப்பது கட்டண விகிதம். வந்த விருந்தாளியோ சிற்றுண்டிச் சாலையில் நூறு ரூபாத் தாளை நீட்டுகிறார். பெரிய தாளும் சில்லறை அறிவின்மையும் ஊருக்குப் புதியவனின் அடையாளங்கள் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

எனினும் அக்கதைக்கும் ஓர் எல்லை உண்டு. கந்தசாமிப் பிள்ளை பட்டணவாசி. எந்தச் சந்திக்கு எவ்வளவு என்பது அவருக்குத் தெரியும். நடத்துநரைச் சிறிது ஏமாற்றவும் தெரியும். கடவுளுக்கோ பணம் ஒரு பொருட்டன்று. என் மாணவனின் தாய் இவ்விருவரில் எவருமல்லள். அவளிடம் பட்டணத்து அறிவும் இல்லை. கடவுளின் பணமும் இல்லை. அவளுக்கான கதை இன்னும் எழுதப்பட வேண்டியதாகவே இருக்கிறது.

2

பஸ் கட்டணம் கொடுப்பது எளிய காரியமெனத் தோன்றலாம். ஊருக்குப் புதியவர் அதற்கு என்னென்ன அறிந்திருக்க வேண்டும் என எண்ணிப் பார்ப்போம். நம் நாட்டில் கட்டணம் தூரப் பிரிவுகளின்படி கணக்கிடப்படுவது. ஆகவே இறங்குமிடத்தின் பெயரைத் திருத்தமாகச் சொல்ல வேண்டும். சொல்லத் தெரியாதவர் கடைசித் தரிப்பிடம் வரைக்கும் கொடுக்க நேரலாம். வண்டியின் இலக்கம் தெரிய வேண்டும். உரிய தொகை முன்னமே தெரிந்திருந்தால்தான் மிச்சம் எவ்வளவு என்று கேட்கலாம். இவை யாவும் தெரிந்திருந்தும் கேட்பதற்கு மொழி வேண்டும். நடத்துநர் சிலர் மிச்சத் தொகையைச் சீட்டின் பின்புறத்திற் குறித்துக் கொடுப்பர். சீட்டே கொடுக்கப்படாத வண்டியில் அந்தப் பாதுகாப்பும் இல்லை. நகரவாசி பருவச்சீட்டு வைத்துக்கொள்ளலாம். ஆண்டுக்கொருமுறை வருபவர் ஒவ்வொரு முறையும் முழுக் கட்டணம் கொடுக்கிறார். அறியாமைக்கான கட்டணத்தையும் சேர்த்தே கொடுக்கிறார்.

எங்கள் வாவிக்கரை மக்களுக்குக் கட்டணம் புதியதன்று. எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் இடையே துறைதோறும் தோணியும், ‘பாதை’ என நாங்கள் அழைக்கும் மிதவையும் ஓடின. 2014 இல் பாலம் திறக்கப்படும்வரை மண்முனைத் துறையைப் பாதையில் ஏறித்தான் கடந்தார்கள். அக்காலத்தைப் பொற்காலமென்று நான் பாட வரவில்லை. போடிமாரின் அதிகாரம் தோணியிலும் ஏறி உட்கார்ந்திருந்தது. மழைக்காலத்தில் நோயாளர் துறையிற் காத்துக் கிடந்தனர். ஆனால் கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே மொழியினர். தொகை எல்லார்க்கும் தெரியும். இன்று தவறிய மிச்சத்தை நாளை கேட்கலாம். மாநகரில் இந்த ‘நாளை’ இல்லை. அதே வண்டியும் அதே நடத்துநரும் அவளுக்கு மீண்டும் வாய்க்கப் போவதில்லை.

மொழியைப் பற்றிச் சொன்னேன். 1956 இல் தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறிற்று. 1958 ஜனவரி 1 இல் தனியார் பஸ் கம்பனிகள் தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றிற்று. முற்போக்காளர் வரவேற்ற மாற்றம் அது, வரவேற்றது சரியே. ஆனால் மக்களின் உடைமையாகிய அதே வண்டிகள் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்தைத் தாங்கித் தமிழ்ப் பகுதிகளுக்கு வந்தபோது, அவை யாருடைய உடைமை என்ற கேள்வியும் சேர்ந்து வந்தது. அவ்வாண்டு மே மாதக் கலவரத்தில் மட்டக்களப்புப் புகையிரதப் பாதையே வன்செயலின் களமாயிற்று. 1987 இன் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. சட்டம் ஏறிய பின்பும் பெயர்ப்பலகையில் தமிழைத் தேடி நிற்கும் அநுபவம் நம்மிற் பலருக்கு உண்டு.

ஆகவே எங்கள் மக்கள் எண்களைக் கற்றுக்கொண்டார்கள். புறக்கோட்டையிலிருந்து காலி வீதி வழியே செல்ல 100, 101. மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குச் செல்ல 138. எழுத்தறியாத முதியவள்கூட இந்த எண்களை மந்திரம்போல் மனத்திற் பதித்து வைத்திருப்பாள். தன் நாட்டின் தலைநகருக்குச் செல்லும் குடிமகளுக்கு எஞ்சிய பொதுமொழி எண்தான் என்பது எவ்வளவு பெரிய செய்தி! இதனை எந்த நாவலாசிரியர் கையாண்டிருக்கிறார்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2007 ஜூன் 7 அன்று கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் நூற்றுக்கணக்கானோர் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் அச்செயலுக்குத் தடை விதித்தது. வாழ்நாளெல்லாம் மிச்சக் காசுக்குக் கையேந்தி நின்ற மக்களுக்கு, அந்த ஒரு பிரயாணத்துக்குத்தான் சீட்டு வேண்டியிருக்கவில்லை!

3

சில்லறை அற்பமான பொருள். பெரிய பிரச்சினைகள் எத்தனையோ இருக்க இதனை ஏன் இலக்கியமாக்க வேண்டும் என்று கேட்போர் உண்டு. வரலாறு அவர்களுக்கு விடை கூறும். 1953 ஜூலையில் கல்கத்தாவில் டிராமின் இரண்டாம் வகுப்புக் கட்டணம் ஒரே ஒரு பைசா உயர்த்தப்பட்டது. நகரமே கொந்தளித்தது, பிரிட்டிஷ் கம்பனியின் அந்த உயர்வு கைவிடப்பட்டது. அமெரிக்காவின் மொன்கொமரி நகரிலே கறுப்பின மக்கள் பஸ்ஸின் முன்வாயிலில் ஏறிக் காசு கொடுத்துவிட்டு, இறங்கிப் பின்வாயிலால் ஏறும்படி செய்யப்பட்டனர். காசை மட்டும் முன்வாயிலில் ஏற்றுக்கொண்ட அந்த அநீதிக்கெதிராக 1955 டிசம்பர் முதல் 381 நாட்கள் அவர்கள் பஸ்களைப் புறக்கணித்து நடந்தார்கள். நம் தலைநகரிலும் 1929 இல் ஏ. ஈ. குணசிங்கவின் தலைமையில் டிராம் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். சீட்டைக் கொடுக்கும் கையும் வாங்கும் கையும் பெரும்பாலும் உழைப்பவர் கைகளே என்பதை அப்போராட்டம் நினைவூட்டுகிறது. அன்றன்றைய வசூலை உரிமையாளரிடம் கணக்குக் காட்டி வாழும் நடத்துநர் நமக்குப் பகைவரல்லர். அவரையும் சேர்த்தே எழுத வேண்டும். அவர் மிச்சக் காசை மறந்தாரா, மறைத்தாரா என்பதை விசாரிப்பதும் எழுத்தின் பொறுப்பு.

2022 ஜனவரியில் 17 ரூபாவாக இருந்த ஆகக் குறைந்த பஸ் கட்டணம் அவ்வாண்டு ஜூலையில் 40 ரூபாவாயிற்று. அந்த ஆறு மாதங்களில் எத்தனை வைத்தியசாலைப் பிரயாணங்கள் தள்ளிப்போடப்பட்டன, எத்தனை தாய்மார் பன்னிரண்டு வயதைக் கடந்த பிள்ளைக்கு ‘கேட்டால் பத்தென்று சொல்’ எனக் கற்றுக்கொடுத்தனர் என்பதைப் புள்ளிவிவரம் சொல்லாது. அரைச் சீட்டுக்காகத் தாய் கற்பிக்கும் அந்த முதற் பொய்யின் வேதனையைக் கதைதான் சொல்ல முடியும்.

இப்போது காட்சி மாறுகிறது. மேல் மாகாணத்தில் 2025 அக்டோபர் முதல் தனியார் பஸ்களிலும் சீட்டு வழங்குவது கட்டாயமாக்கப்பட்டது. அடுத்த மாதம் சில வழித்தடங்களில் வங்கி அட்டையாற் கட்டணம் செலுத்தும் முறை தொடங்கிற்று. இயந்திரம் மிச்சக் காசை மறக்காது. ஆகவே நான் அதனை வரவேற்கிறேன். ஆனால் இலண்டன் பஸ்களில் 2014 ஜூலை முதல் காசே ஏற்கப்படுவதில்லை. பிள்ளைகளைப் பார்க்கப் போன நம் தாய்மார் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டே ஏற முடியாமல் நிற்பர். வங்கி அட்டையைத் தொட்டறியாத படுவான்கரைப் பெண்ணுக்கு நாளை கொழும்பிலும் அந்நிலை வரக்கூடாது. சென்னையிலே 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை. கணக்குத் தெரியாமை அங்கே ஒரு பெண்ணின் மத்தியானச் சோற்றைப் பறிப்பதில்லை. எந்த முறை வந்தாலும், ஊருக்குப் புதியவர், ஏழை, மொழியறியாதவர் ஆகிய மூவரும் ஒருவராகவே வந்து நிற்கும்போது அம்முறை அவரை எவ்வாறு நடத்துகிறது என்பதே அதற்கான உரைகல்.

நம் கதைகளுக்கும் அதே உரைகல் பொருந்தும். எழுத்தாளர்களிடம் நான் வேண்டுவது பெரிதன்று. உங்கள் பாத்திரம் அடுத்தமுறை கோட்டை நிலையத்துக்கு வெளியே வரும்போது, பந்தியை முடித்துவிடாதீர்கள். அவர் மடியை அவிழ்க்கட்டும், எண்ணிக் கொடுக்கட்டும், மிச்சத்துக்குக் காத்து நிற்கட்டும். ஆசிரியர்களிடமும் ஒன்று வேண்டுவேன்: சிவப்பு மையைத் தொடுமுன் ஒருகணம் தயங்குங்கள்.

அந்த மாணவனின் கொப்பியை நான் திரும்பக் கேட்டு வாங்கினேன். ‘தலைப்புக்குப் புறம்பானது’ என்பதை வெட்டிவிட்டு, ‘தவறு என்னுடையது’ என்று எழுதிப் பதினாறு புள்ளி போட்டேன். அவன் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. எழுத்துப் பிழைகளுக்காகக் குறைத்த நான்கு புள்ளிகளை மட்டும் எண்ணிச் சரிபார்த்தான்.