ஆசிரியர் நினைவும் வட்டை நிலமும்

தம்பிலுவில் முதலாய தென்கீழ்க் கரையூர்களில் ஓய்வுபெற்ற ஆசிரியர் எழுதும் ஊர் நினைவுகள், பாடசாலை மலர்களிலும் குடமுழுக்கு மலர்களிலும் இடம்பெறுதல் வழக்கம். காடு வெட்டி வயல் கண்ட முன்னோரைப் போற்றுதலே அவற்றின் பொதுப்பொருள். இவ்வெழுத்தை மதிப்பிட அளவுகோல் ஒன்றுண்டு. மண்டூரிற் பிறந்து ஆசிரியப் பணி புரிந்த வித்துவான் வி. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட ‘மட்டக்களப்புத் தமிழகம்’ அது. நாட்டுக்கவி, வழிபாடு, மருத்துவம் என அந்நூல் ஏங்குவதை விடுத்துத் தொகுக்கின்றது.

சொல்வளத்திலே பிற்காலத்தார் குறைந்தாரல்லர். நெற்பயிரை வேளாண்மை என்பதும், வயற்பரப்பை வட்டை என்பதும், வாடி, பரண், சூடு, போடியார், வட்டவிதானை என்பனவும் அவர்தம் எழுத்தில் உயிரோடு நிற்கின்றன. சூடு மிதிக்கும் இரவை விரித்துரைக்குமிடத்து எந்தப் பேராசிரியரும் அவர்க்கு நிகராகார். வைகாசியிற் கண்ணகை அம்மன் குளிர்த்தியை வருணிக்கும் பகுதிகளும் அத்தகையனவே.

குறை வேறிடத்துள்ளது. ‘அக்காலம் பொற்காலம்’ என்ற வாய்பாடு கைக்கு வந்ததும் காய்ச்சல் மறைந்துவிடுகின்றது. 1946இல் டி.டி.டி. தெளிப்பு நாடளாவத் தொடங்கும்வரை காட்டோரக் குடியிருப்புக்களை மலேரியா அரித்தது. இலங்கை அந்நோயினின்று நீங்கியதென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது 2016இலேதான். போடியார் வமிசத்தை மூன்று தலைமுறை கூறும் கட்டுரை, அவர் வயலிற் சூடு மிதித்தவனுக்கு எத்தனை மரக்கால் நெல் கிடைத்ததென்று கூறுவதில்லை. அக்கரைப்பற்று முஸ்லிம்களும் தமிழரும் தாய்வழிக் குடிமுறை ஒன்றையே பேணுவோராயினும், அயலார் அந்நினைவுகளிற் சந்தைக்கு வந்து போவோராகவே தோன்றுவர். 1949இற் பட்டிப்பளையாற்றிலே தொடங்கிய கல்லோயாத் திட்டம் ‘தண்ணீர் வந்தது’ என்ற ஒரு வாக்கியத்தில் முடிகின்றது. அத்திட்டப் பகுதியில் 1956இல் தமிழர்மீது நிகழ்ந்த வன்செயலும், 1961இல் அம்பாறை தனி மாவட்டமானதும் அவ்வாக்கியத்துள் அடங்குமோ?

இவற்றையெல்லாம் அறிதற்குரிய கருவி ஆசிரியர் கையிலேயே இருந்தது என்பதுதான் வியப்பு. அறுவடை மாதத்தில் எவர் பிள்ளைகள் வாடிக்குப் போயினர், எந்த வகுப்பிற் காய்ச்சலால் வாங்குகள் வெறிதாயின என்பவற்றை நாடோறும் வரவு இடாப்பிற் குறித்தவர் அவரேயன்றோ! ஊரில் வேறெவர்க்கும் வாய்க்காத அறிவு அது. ஆயினும் நினைவெழுத அமர்ந்தவுடன் அவர் இடாப்பை மூடிவிட்டுப் போடியார் வீட்டுத் திண்ணைக்குச் சென்றுவிடுகின்றார். அங்கே கேட்ட கதையையே தாம் கண்டதாக எழுதுகின்றார்.