பாட்டைத் தொடாத எண்

ஃபூபார்2000 பிளேயரில் ஒரு பாட்டின் மேல் வலது க்ளிக் செய்து பிராப்பர்ட்டீஸைத் திறந்து பாருங்கள். பாடியவர், இசையமைத்தவர், ஆண்டு எல்லாவற்றையும் தாண்டிக் கீழே வந்தால், ஸ்கேன் செய்த ஃபைலாக இருந்தால், ஒரு வரி தென்படும்: ட்ராக் கெயின், மைனஸ் 8.46 டெசிபல். கூடவே ட்ராக் பீக், ஆல்பம் கெயின், ஆல்பம் பீக் என்று இன்னும் மூன்று வரிகள். பாட்டுக் கேட்பவர்களில் பெரும்பாலோர் ஏறெடுத்தும் பார்க்காத இந்த நான்கு எண்களும் எனக்குப் பிடித்தமானவை. இவற்றுக்குள் இருக்கும் இங்கிதம் பல இசைத் தயாரிப்பாளர்களிடம்கூட இல்லை.

இவை எதற்கு என்பது, பழையதும் புதியதுமாகப் பாட்டுகளைக் கலந்து ஓடவிட்டவர்களுக்குத் தெரியும். அறுபதுகளின் மெல்லிசை ஒன்று குழைந்து முடியும். அதைக் கேட்க வால்யூமைச் சற்றுக் கூட்டி வைத்திருப்போம். அடுத்து வருவது பத்தாண்டுக்கு முந்தைய குத்துப்பாட்டு. முதல் அடியிலேயே கை பட்டனுக்கு ஓடும், ஹெட்போன் போட்டிருந்தால் காதுக்கே ஓடும். டிஜிட்டல் ஒலிக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அதற்கு மேல் எண் கிடையாது. தொண்ணூறுகளிலிருந்து, அடுத்தவன் பாட்டைவிட நம் பாட்டு ஓங்கி ஒலிக்கவேண்டும் என்ற போட்டியில், மெல்லிய இடங்களையும், உச்சங்களை அமுக்கும் லிமிட்டர் போட்டு, அந்த வரம்பருகே தள்ளிக்கொண்டே போனார்கள். மெட்டாலிகா இசைக்குழுவின் 2008 ஆல்பமான டெத் மேக்னெட்டிக்கில் இது உச்சத்துக்குப் போனது. அதே பாட்டுகள் கிட்டார் ஹீரோ என்ற வீடியோ கேமில் நசுங்காமல் இருப்பதைக் கண்டுபிடித்த ரசிகர்கள், காசு கொடுத்து வாங்கிய சிடியைவிட விளையாட்டில் வருவதே கேட்க நன்றாக இருக்கிறது என்று சண்டைக்கு வந்தார்கள்.

சமன் செய்ய இரண்டு முரட்டு வழிகள் முன்பே இருந்தன. ஒன்று, எல்லாப் பாட்டின் உச்சப் புள்ளியையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவருவது. உச்சத்துக்கும் நாம் உணரும் சத்தத்துக்கும் அவ்வளவாகச் சம்பந்தமில்லை. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கத்தின் ஒரே ஒரு சாப்பு வரம்பைத் தொட்டுவிட்டு வரும். மற்றதெல்லாம் வெகு கீழே கிடக்கும். லிமிட்டரில் பிழிந்த சினிமாப் பாட்டோ வினாடிக்கு வினாடி வரம்பிலேயே குடியிருக்கும். இரண்டுக்கும் உச்சம் ஒன்று, சத்தமோ ஏணி வைத்தாலும் எட்டாது. இரண்டாவது வழி, ஓடும்போதே மெல்லியதைத் தூக்கி உரத்ததை அமுக்கும் தானியங்கி. அது பாட்டின் ஏற்ற இறக்கத்தையே தின்றுவிடும். கிசுகிசுப்பும் கூவலும் ஒரே மட்டத்தில் வந்தால் பிறகு பாடுவானேன்?

2001இல் டேவிட் ராபின்சன் என்பவர் ரீப்ளேகெயின் என்ற திட்டத்தை முன்வைத்தார். பாட்டை அளந்து பார், எவ்வளவு கூட்டவேண்டும் குறைக்கவேண்டும் என்று ஃபைலின் டேக்கில் எழுதி வை, பாட்டின் மேல் கை வைக்காதே. நல்ல தையல்காரர் துணியில் கத்தரி வைக்குமுன் அளவுச் சீட்டை மட்டும் குத்தி வைப்பதுபோல. ஓடும்போது பிளேயர் அந்தச் சீட்டைப் படித்து வால்யூமைச் சரிசெய்துகொள்ளும். மைனஸ் 8.46 என்றால் ஒலியின் ஒவ்வொரு மாதிரியையும் (சாம்பிள்) ஏறக்குறைய 0.38ஆல் பெருக்கு என்று பொருள். பாட்டுக்குள் இருக்கும் மேடு பள்ளம் அதே விகிதத்தில் அப்படியே இருக்கும். வேண்டாமென்றால் டேக்கை அழித்துவிடலாம். பழைய ஃபைல் பழையபடி.

அளக்கும் விதத்தில்தான் நயமே. நம் காது எல்லாச் சுருதியையும் ஒரே மாதிரி கேட்பதில்லை. ஆழ்ந்த பேஸ் ஒலி எவ்வளவு பலமாக வந்தாலும் காது அதைக் குறைத்தே எடுத்துக்கொள்ளும். குழந்தை அழுகை வரும் உயரத்து ஒலிக்கு உடனே கூர்ப்படையும். பெல் ஆய்வுக்கூடத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இலேயே இதை வளைகோடுகளாக வரைந்து காட்டிவிட்டார்கள். ரீப்ளேகெயின் முதலில் பாட்டை அந்தக் காதின் குணத்தையொட்டிய ஒரு வடிகட்டி வழியாக அனுப்புகிறது. பிறகு 50 மில்லிவினாடித் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொன்றின் பலத்தையும் கணக்கிட்டு, மெல்லியதிலிருந்து உரத்தது வரை வரிசையில் நிறுத்துகிறது. நான்கு நிமிடப் பாட்டுக்கு 4,800 துண்டுகள். அதில் சராசரியையும் எடுப்பதில்லை, மிக உரத்ததையும் எடுப்பதில்லை. வரிசையில் 95 விழுக்காட்டு இடத்தில் நிற்பது எதுவோ, அதன் பலமே பாட்டின் பலம்.

அந்த 95ஐ நினைத்து நினைத்து ரசிக்கலாம். சராசரி எடுத்தால் மெதுவாகத் தொடங்கும் முன்னிசையும் இடையில் வரும் மௌனமும் கணக்கைக் கீழே இழுத்துவிடும். உச்சத்தை எடுத்தால் ஒரே ஒரு தாள அடி முழுப் பாட்டுக்கும் தீர்ப்பு எழுதிவிடும். மனிதர் ஒருவரிடம் கொடுத்து இந்தப் பாட்டு எவ்வளவு சத்தம் என்று கேட்டால், அவர் பாட்டின் ஓங்கிய பகுதிகளை மனதில் வைத்துத்தான் சொல்வார், ஆனால் ஒரு அடியை வைத்துச் சொல்லமாட்டார். நான்கு நிமிடத்தில் உரத்த 12 வினாடிகளை ஒதுக்கிவிட்டு, அந்த விளிம்பில் நின்று அளக்கிறது இந்த முறை.

பத்தாண்டுக்குள் இதைவிட நுட்பமான அளவு வந்துவிட்டது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006இல் பிஎஸ்.1770 என்ற அளவுமுறையை வெளியிட்டது. அதன்மேல் 2010இல் ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் ஆர்128 என்ற பரிந்துரையைக் கட்டியது. படத்துக்கு நடுவே வரும் விளம்பரம் மட்டும் காதைக் கிழிப்பதை நிறுத்துவது அதன் முக்கியக் கவலைகளில் ஒன்று. ரீப்ளேகெயினின் இரண்டாம் பதிப்பும் இதே அளவுகோலுக்கு மாறிக்கொண்டு, மைனஸ் 18 எல்யூஎஃப்எஸ் (இந்த அளவுமுறையின் சத்த அலகு) என்ற மட்டத்தை இலக்காக வைத்தது. இதன் வடிகட்டியில் ஒரு சின்ன விஷயம்: சுமார் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள ஒலியை 4 டெசிபல் அளவுக்குத் தூக்கிவிடுகிறார்கள், மனிதத் தலை உருண்டையாக இருப்பதால் ஒலி அதில் பட்டு மாறும் விதத்தைக் கணக்கில் சேர்க்க. பாட்டை அளக்கும் சூத்திரத்தில் கேட்பவரின் மண்டைக்கும் இடம்!

அதைவிட எனக்குப் பிடித்தது மௌனத்தை அவர்கள் நடத்தும் விதம். 400 மில்லிவினாடித் துண்டுகள், 100 மில்லிவினாடிக்கு ஒன்றாக ஒன்றன்மேல் ஒன்று ஏறி வரும். மைனஸ் 70க்குக் கீழே இருப்பதை, அதாவது ஒன்றுமே இல்லாததை, முதலில் தள்ளிவிடுகிறார்கள். மிச்சத்துக்கு ஒரு சராசரி. அந்தச் சராசரியைவிட 10 குறைவாக ஒரு கோடு போட்டு, அதற்குக் கீழுள்ளவற்றையும் தள்ளிவிட்டு மறுபடி சராசரி. முதல் கோடு எல்லாருக்கும் பொது. இரண்டாவது கோட்டைப் பாட்டே தனக்குப் போட்டுக்கொள்கிறது. ஒருவர் விருத்தம் பாடுகிறார் என்று வையுங்கள். ஓர் அடியை முடித்துவிட்டு மூச்சு வாங்குகிறார், தம்புரா மட்டும் கேட்கிறது. அந்த இடைவெளி இசைதான், ஆனால் சத்தக் கணக்குக்கு உரியதல்ல. பாடகர் நீளமாக நிறுத்துகிறார் என்பதற்காக அவர் குரலைக் கூட்டி வைத்தால் அடுத்த அடி காதில் அறையும். இரண்டாவது கோடு அதைத் தடுக்கிறது.

இனி ஆல்பம் கெயின். என்னைக் கேட்டால் முழுத் திட்டத்தின் மணிமகுடம் இதுதான். ஒரு கச்சேரிப் பதிவை எடுத்துக்கொள்ளுங்கள்: வர்ணம் ஒரு ஃபைல், ஆலாபனை ஒரு ஃபைல், கிருதி, தனி, கடைசியில் துக்கடாக்கள் என்று துண்டு துண்டாக இருக்கும். ஒவ்வொன்றையும் தனியாகச் சமன் செய்தால் தனி ஆவர்த்தனம் அமுங்கும், ஆலாபனை கிளம்பும். பாடகர் கீழ் ஸ்தாயியில் மெல்லத் தொட்டு எழுப்பிய ராகம், கொன்னக்கோலுக்குச் சமமான சத்தத்தில் வந்து நிற்கும். இந்த அநியாயத்துக்கு ஒரு சாட்சி உண்டு, தம்புரா. கச்சேரி முழுக்க அது ஒரே மட்டத்தில் மீட்டப்படுகிறது. ஃபைலுக்கு ஃபைல் அளவு மாறும்போது, எல்லைக்கோட்டைத் தாண்டும் கணத்தில் தம்புரா திடீரென்று பக்கத்தில் வரும், அல்லது எட்டிப் போய்விடும். பாட்டில் லயித்திருப்பவர்கூட அதை உணராமல் இருக்கமாட்டார். ராகம் தானம் பல்லவியை மூன்று ஃபைலாக வெட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

ஆல்பம் கெயின் எல்லா ஃபைல்களையும் ஒரே நீண்ட பதிவாகப் பாவித்து அளந்து, ஒரே எண்ணை எல்லாவற்றிலும் எழுதுகிறது. தனித்தனி எண்களின் சராசரி இல்லை என்பதைக் கவனிக்கவேண்டும். துண்டுகள் எல்லாம் ஒரே கூடைக்குப் போகின்றன. கச்சேரி முழுவதும் ஒன்றாக ஏறும், ஒன்றாக இறங்கும். தம்புரா இருந்த இடத்திலேயே இருக்கும். பிங்க் ஃப்ளாய்டின் டார்க் சைட் ஆஃப் த மூன் (1973) போலப் பாட்டுக்குப் பாட்டு இடைவெளியில்லாமல் ஒன்றுக்குள் ஒன்று பாயும் ஆல்பங்களுக்கும் இதுவே கதி.

மீதமுள்ள பீக் எண்கள் அடக்கத்துக்கானவை. மெல்லிய பழைய பதிவு ஒன்றை 6 டெசிபல் கூட்டச் சொல்லி கெயின் பரிந்துரைக்கலாம். அதன் பீக், வரம்பை 1 என்று கொண்டால், 0.9 என்று பக்கத்தில் எழுதியிருந்தால், 0.9 டெசிபலுக்கு மேல் கூட்டினால் உச்சம் வரம்பில் மோதிக் கரகரக்கும் என்று பிளேயருக்குப் புரிந்துவிடும். அதோடு நிறுத்திக்கொள்ளும். சற்று மெதுவாகக் கேட்டால் போகிறது, கரகரப்பு மட்டும் வேண்டாம் என்பது நல்ல ரசனை.

டேக்கைப் படிக்கத் தெரியாத கார் ஸ்டீரியோக்களும் மலிவு பிளேயர்களும் உண்டே? அவற்றுக்காக வந்தது எம்பி3கெயின் என்ற மென்பொருள். எம்பி3 ஃபைல் வினாடிக்கு 38 ஃப்ரேம்கள் என்ற கணக்கில் ஓடுகிறது. நான்கு நிமிடப் பாட்டில் 9,000க்கும் மேல். ஒவ்வொரு ஃப்ரேமிலும் இந்தப் பகுதி மொத்தமாக எவ்வளவு ஓங்கவேண்டும் என்று சொல்லும் முழு எண் ஒன்று சானலுக்குச் சானல் ஒளிந்திருக்கிறது. பாட்டைப் பிரித்து மறுபடி அமுக்கினால் தரம் போகும். எம்பி3கெயின் அதைச் செய்யாமல் ஒவ்வொரு ஃப்ரேமாகப் போய் அந்த எண்ணை மட்டும் ஒன்றோ இரண்டோ மாற்றிவிட்டு வருகிறது. ஒரு படிக்கு 1.5 டெசிபல், அதற்கு இடைப்பட்ட அளவு கிடையாது. அந்தக் கரடுமுரடு ஒரு குறைதான். ஆனால் எத்தனை படி நகர்த்தினோம் என்பதையும் ஃபைலிலேயே குறித்து வைக்கிறது, நாளைக்கு மனம் மாறினால் திரும்பிப் போக.

ஸ்ட்ரீமிங் வந்தபின் இந்த வேலை நம் கையைவிட்டுப் போயிற்று. ஸ்பாட்டிஃபை வழக்கமாக மைனஸ் 14 எல்யூஎஃப்எஸுக்குச் சமன் செய்கிறது, ஆல்பத்தை வரிசையாகக் கேட்டால் ஆல்பக் கணக்கு வைத்துக்கொள்கிறது. அதுவரை சரி. அதிலேயே லவுட் என்று இன்னொரு அமைப்பு இருக்கிறது, தேவைப்படும்போது லிமிட்டரைக் கொண்டுவந்துவிடும். விரட்டிய பிசாசை வாசல் வழியாகக் கூப்பிடுகிற வேலை அது. ஒன்று மட்டும் நல்லதாக நடந்தது: எல்லாம் ஒரே மட்டத்தில் ஓடும்போது, பிழிந்து உரக்க வைத்த பாட்டுக்கு உரப்பின் லாபம் போய்விடுகிறது, பிழிந்த தட்டைத்தன்மை மட்டும் மிஞ்சுகிறது. கத்தி ஜெயிக்கும் வழி அடைபட்டுப்போனது.

சொந்தமாகப் பாட்டுச் சேர்த்து வைத்திருப்பவர்கள் ஓர் இரவு முழுத் தொகுப்பையும் ரீப்ளேகெயின் ஸ்கேனில் போட்டுவிட்டுத் தூங்குங்கள். ஃப்ளாக்கோ எம்பி3யோ, ஒலியில் ஒரு மாதிரிகூட மாறாது. ஆனால் ஸ்கேன் போடுமுன் ஒவ்வொரு கச்சேரிக்கும் ஆல்பம் பெயர் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். கலந்து கேட்க ட்ராக் முறை, கச்சேரிக்கு எப்போதும் ஆல்பம் முறை.