‘சித்தி’ மீண்டபோது

சன் தொலைக்காட்சியில் 1999 முதல் 2001 வரை ஒளிபரப்பான ‘சித்தி’, 2020 சனவரியில் ‘சித்தி 2’ என மீண்டபோது எழுந்த ஆர்வம் பழைய தொடர் ஈட்டித் தந்ததாகும். தாயின் தங்கைக்கும் தந்தையின் மறுமனைவிக்கும் பொதுவான இச்சொல்லின் இருபொருளே முதல் தொடரின் உயிர் எனக் கருதுகிறோம். ராதிகா ஏற்ற சாரதா, தான் பெறாத மகளுக்குத் தாயாகும் பகுதிகளே அதில் சிறந்தவை. ஏனைய சூழ்ச்சிகள் பெரும்பாலும் நீட்டல். சிற்றன்னையைச் ‘சின்னம்மா’ என்றழைத்துப் பழகிய செரண்டாத் தோட்டப்புறத்து மூத்தோரும், நாம் கேட்டவரையில், அப்பகுதிகளையே முதலில் நினைவுகூர்ந்தனர். இரண்டாம் தொடரோ வெண்பா, கவின் காதலுக்கு விரைந்து நகர்ந்தது. 2021இல் ராதிகா விலகிய பின்னரும் தலைப்பு மாறவில்லை. அதே 2020இல் ‘மெட்டி ஒலி’யை மறுஒளிபரப்பியதுபோல், இதன் பழைய பகுதிகளையே காட்டியிருக்கலாம்.