லுங்கியை ரசிப்பது எப்படி?

திருத்தணி மலையிறங்கி ஆர்.கே.பேட்டைப் பக்கம் போனால், தெரு கண்ணில் படும் முன்பே தறிச் சத்தம் காதில் விழும். ராமகிருஷ்ணராஜுபேட்டை என்ற முழுப்பெயரைச் சொல்லிக்கொண்டிருக்க யாருக்கும் நேரமில்லை. பள்ளிப்பட்டு, அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை என்று இந்த ஆந்திர எல்லையோரம் நெசவை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம். கைத்தறி ஓடிய வீடுகளில் இன்று பெரும்பாலும் விசைத்தறி. கரண்ட் போனால்தான் தெரு அமைதியாகும்.

கோயில் தூணில் செதுக்கிய யாளியின் முன் நின்று பார்க்கிறோம். கொடியில் காயும் கட்டம் போட்ட லுங்கியை ஒதுக்கிவிட்டு நடக்கிறோம். இரண்டையும் செய்தது தேர்ந்த கைகள்தான். இன்று ஒரு லுங்கிக்குப் பத்து நிமிடம் கொடுங்கள்.

திருப்பிப் பாருங்கள்

முதலில் உள்பக்கம். அச்சடித்த துணி என்றால் பின்புறம் வெளுத்திருக்கும். சாயம் தோய்த்த நூலில் நெய்ததென்றால் இரண்டு பக்கமும் ஒன்றுபோலவே இருக்கும். அங்கே கட்டம் துணியோடு சேர்ந்தே பிறந்தது.

நிறங்களை எண்ணுங்கள்

நீளவாக்கில் ஓடுவது பாவு. குறுக்கே போவது ஊடை. சிவப்புப் பாவை வெள்ளை ஊடை கடக்கும் இடத்தைத் தள்ளிப் பிடித்துப் பாருங்கள், ரோஸ் தெரியும். கண்ணருகே கொண்டு வந்தால் ரோஸ் காணாமல் போய், சிவப்பும் வெள்ளையும் புள்ளிகளாகப் பிரியும். அந்த நிறத்தில் யாரும் நூல் வாங்கவில்லை; அது உங்கள் கண்ணில் கலந்த நிறம். பாவிலும் ஊடையிலும் அதே இரண்டு நிறங்கள் இருந்தால் துணியில் மூன்று தெரியும். மூன்று நூலுக்கு ஆறு, நான்குக்குப் பத்து. எண்ணிச் சரிபாருங்கள்.

கட்டத்தை அளந்து பாருங்கள்

எந்த நிறத்துக்கு எத்தனை இழை என்பது பாவு ஓட்டும்போதே முடிவாகிவிடும். அதன்பின் மாற்ற முடியாது. ஊடை மட்டும் தறியில் உட்காருபவர் கையில். கைத்தறியில் நிறம் மாறும்போதெல்லாம் ஊடை நூலை ஏந்தி ஓடும் நாடாவை மாற்ற வேண்டும், இழையை எண்ண வேண்டும், ஒரே அளவாக அடிக்க வேண்டும். அடி பலமானால் கட்டம் குறுகும், தளர்ந்தால் நீளும். ஒரு கட்டம் இம்மி விலகியிருந்தால் நெசவாளருக்கு அது குறைதான். நமக்கோ, அங்கே ஓர் ஆள் இருந்ததற்கான தடயம்.

மூட்டிய இடத்தைத் தேடுங்கள்

லுங்கியின் இரு முனைகளையும் மூட்டிய தையலில் கட்டத்தோடு கட்டம் பொருந்தியிருக்கிறதா? தையல் சட்டென்று கண்ணில் படவில்லை என்றால் தைத்தவர் கெட்டிக்காரர்.

தொட்டுப் பாருங்கள்

நூலின் நம்பர் கூடக் கூட இழை மெலியும். அறுபதுக்கும் நூறுக்கும் உள்ள வித்தியாசத்தை விரல் சொல்லும். கஞ்சி போன பிறகு, பல துவையலுக்கு அப்புறம்தான் துணியின் உண்மையான குணம் தெரியும். கட்டிக் கட்டித்தான் அதை ரசிக்க முடியும்.

புழக்கத்தையும் அழகையும் பிரிப்பதே தவறு என்று ஆயுள் முழுக்க வாதாடியவர் யாழ்ப்பாணத் தமிழ் வேர் கொண்ட கலை வரலாற்றாளர் ஆனந்த குமாரசாமி (1877–1947). பாஸ்டன் அருங்காட்சியகத்தில் பணியாற்றிக்கொண்டே, கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பவை ஒருகாலத்தில் யாரோ பயன்படுத்திய பொருட்கள் என்பதை நினைவுபடுத்திக்கொண்டிருந்தார்.

துணியை இன்னும் உற்றுப் பார்த்தவர்கள் நைஜீரியாவின் கலாபாரி மக்கள். சென்னையின் பெயரில் கப்பலேறிய கட்டம் போட்ட துணி அவர்களுக்கு 'இஞ்சிரி'. கலாபாரிப் பெண்கள் அதில் சில இழைகளை மட்டும் பிளேடால் வெட்டி உருவி எடுத்து, மிச்சமுள்ள இழைகளில் தங்கள் கோலத்தை வரவழைத்தார்கள். எந்த இழையை எடுத்தால் எந்த நிறம் போகும் என்று தெரியாமல் அது முடியாது. நெய்தவரின் கணக்கைப் படித்தவருக்கே அந்தத் துணிச்சல் வரும்.

நாம் எதையும் வெட்ட வேண்டாம். அடுத்த முறை லுங்கி வாங்கும்போது, "என்ன நம்பர் நூல்?" என்று கேட்டுவிட்டு வெளிச்சத்தில் விரித்துப் பிடியுங்கள். கடைக்காரர் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும், நீங்கள் துணியைப் பாருங்கள்.